சின்சினாட்டியும் லூயிவில்லும்: தோழிக்கு ஒரு கடிதம்

லூயிவில்,
கென்டக்கி

அன்புள்ள மீனாட்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்து, அவர் மறுபடியும் செய்தித்தாளைக் கையில் எடுத்துவிட்டார் என்று படித்ததும் எங்கள் இருவருக்கும் பெரிய நிம்மதி. இங்கே பேத்தி மழலையர் பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டாள். மகளுக்கு மருத்துவமனையில் இரவுப் பணி வரும் நாட்களில் வீடு முழுவதும் எங்கள் பொறுப்பு.

ஒரே ஒஹாயோ ஆற்றின் கரையில், நெடுஞ்சாலை 71-இல் நூறு மைல் இடைவெளியில் இருக்கும் இரண்டு ஊர்களுக்குள் என்ன பெரிய வேறுபாடு இருந்துவிடும், கென்டக்கியின் லூயிவில், ஒஹாயோ மாநிலத்தில் நீ இருக்கும் சின்சினாட்டியின் சிறிய பிரதிதானே என்று கேட்டிருந்தாய். சின்சினாட்டியில் நெடுங்காலம் வாழ்ந்து, பிள்ளைகளையும் வளர்த்துவிட்டு இங்கே குடிவந்தவள் என்பதால் இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஒற்றுமைகள் நிறைய உண்டு. அதை நான் மறுக்கவில்லை. இரண்டுமே நீராவிப் படகுகளால் செழித்து, பிறகு இரயில் பாதைகளும் சிகாகோவும் மேலோங்கியபோது பின்தங்கிய ஊர்கள். இரண்டிலும் ஜெர்மானியக் கத்தோலிக்கர்களின் சுவடு ஆழமாக இருப்பதால், தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் தேவாலயத்துக் கூடங்களில் மீன் வறுத்துப் பரிமாறுகிறார்கள். புதிதாக அறிமுகமாகிறவரிடம் எந்த உயர்நிலைப் பள்ளியில் படித்தீர்கள் என்று முதலில் கேட்கும் வழக்கமும் இரண்டு ஊருக்கும் பொது. ஆனால் இரண்டும் பிறந்த விதம் வேறு. அந்த வேறுபாடு இன்றைக்கும் ஊரின் குணத்தில் தெரிகிறது என்பதே நான் இங்கே வந்து கண்டது.

ஒஹாயோ ஆற்றின் முழு நீளத்திலும் படகுப் போக்குவரத்துக்கு இயற்கையாக அமைந்த ஒரே தடை லூயிவில்லில்தான் இருந்தது. இரண்டு மைல் தூரத்துக்குள் ஆறு பாறைகளின் மேல் ஏறத்தாழ 26 அடி இறங்குகிறது. இன்று அணையும் மதகும் கட்டி அதைப் பழக்கப்படுத்திவிட்டார்கள் என்றாலும், அந்தக் காலத்தில் பெரிய படகுகள் இங்கே நின்றே ஆக வேண்டும். சரக்கை இறக்கி, வண்டியில் ஏற்றி, பாறைகளைக் கடந்து, மறுபக்கம் வேறு படகில் ஏற்ற வேண்டும். 1778-இல் விடுதலைப் போரின் படைத்தலைவர் ஜார்ஜ் ரோஜர்ஸ் கிளார்க் வந்திறங்கியதும், 1803-இல் மெரிவெதர் லூயிஸும் வில்லியம் கிளார்க்கும் கண்டத்தின் மேற்கை ஆராயும் பயணத்துக்காகச் சந்தித்துக்கொண்டதும் இந்தப் பாறைகளின் அருகேதான். 1830-இல் கால்வாய் வெட்டி முடிப்பதற்குள், வழிப்போக்கர்களை வரவேற்று, தங்கவைத்து, வழியனுப்பும் தொழிலில் ஊர் வேர்விட்டிருந்தது. இன்றைக்கும் இந்த ஊரின் மிகப் பெரிய முதலாளிகளுள் ஒன்று பொதி அனுப்பும் நிறுவனமான யுபிஎஸ். ஒவ்வோர் இரவும் விமானங்கள் வந்திறங்க, பொதிகளைப் பிரித்து விடிவதற்குள் வேறு விமானங்களில் ஏற்றி அனுப்புகிறார்கள். இறக்கி ஏற்றும் அந்தப் பழைய தொழில் ஆற்றிலிருந்து வானத்துக்குப் போயிருக்கிறது. உங்கள் சின்சினாட்டி விமான நிலையத்திலும் அமேசானும் டிஎச்எல்லும் இருக்கின்றனவே என்று நீ சொல்வாய். இருக்கின்றன, ஆனால் அந்த நிலையம் கென்டக்கி மண்ணில்தான் இருக்கிறது!

சின்சினாட்டியை ஆறு நிறுத்தவில்லை. மலைகள்தான் அணைத்து வைத்திருக்கின்றன. வந்தவர்கள் அங்கேயே தங்கிப் பொருள் செய்தார்கள். பன்றி இறைச்சித் தொழிலில் மிஞ்சிய கொழுப்பு சோப்பாகவும் மெழுகுவர்த்தியாகவும் மாறியதையும், மெழுகுவர்த்தி செய்த வில்லியம் ப்ராக்டரும் சோப்பு செய்த ஜேம்ஸ் கேம்பிளும் 1837-இல் கூட்டுச் சேர்ந்து ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தைத் தொடங்கியதையும் நீ அறிவாய். ஒரு பொருளை மிச்சமின்றிப் பயன்படுத்தும் அந்தச் சிக்கனமும், வாங்கியதைப் பல தலைமுறைக்கு வைத்துக்கொள்ளும் பிடிவாதமும் அந்த ஊர் மக்களிடம் இன்னும் இருக்கின்றன. ஒவ்வொரு மேட்டிலும் ஒரு தேவாலயம், ஒரு பேட்டை, அதற்கென்று ஒரு பெருமை. மேற்குப் பகுதியில் பிறந்தவர் கிழக்குப் பகுதியில் வீடு வாங்கினால் உறவினர்கள் வியப்போடு பேசிக்கொள்வதை நாம் இருவரும் கேட்டிருக்கிறோம். நார்வுட், செயின்ட் பெர்னார்ட் போன்ற ஊர்கள் நகரத்தால் முழுவதும் சூழப்பட்ட பின்னும் தனி நகராட்சிகளாகவே நிற்கின்றன. லூயிவில்லோ 2003-இல் மாவட்டத்தோடு ஒன்றாக இணைந்துவிட்டது. அதனால்தான் மக்கள்தொகைப் பட்டியலில் அது சின்சினாட்டியின் இரண்டு மடங்காகத் தெரிகிறது. சுற்றுப்புறங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் உங்கள் ஊரே பெரியது.

1855-ஆம் ஆண்டை எடுத்துக்கொள். குடியேறிகளுக்கு எதிரான வெறி இரண்டு ஊர்களிலும் அந்த ஒரே ஆண்டில் தேர்தல் கலவரமாக வெடித்தது. சின்சினாட்டியின் ஜெர்மானியர்கள், தாய்நாட்டு ஆற்றின் பெயரால் ரைன் என்று தாங்கள் செல்லமாக அழைத்த கால்வாயின் பாலங்களில் தடுப்புகளை எழுப்பித் தங்கள் பகுதியைக் காத்துக்கொண்டார்கள். லூயிவில்லில் ஆகஸ்ட் 6-ஆம் நாள் ஜெர்மானியர்களும் ஐரிஷ்காரர்களும் தாக்கப்பட்டு, குறைந்தது 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு பலர் ஊரை விட்டே போனார்கள். வழிப்போக்கரை வரவேற்கப் பழகிய ஊர், வந்தவர்கள் தங்க முற்பட்டபோது இப்படி நடந்துகொண்டது என்பதை இங்கே வாழ்கிறவள் என்ற முறையில் மறைக்க எனக்கு விருப்பமில்லை.

இந்த இரண்டு ஊர்களையும் உண்மையில் பிரித்தது அடிமை முறை என்று நினைக்கிறேன். சின்சினாட்டி ஆற்றின் வடகரை, லூயிவில் தென்கரை. அங்கிருந்து தெற்கே பார்த்தால் எதிர்க்கரையில் அடிமை முறை தெரிந்தது. இங்கிருந்து வடக்கே பார்த்தால் விடுதலை தெரிந்தது. 1856 ஜனவரியில் மார்கரெட் கார்னர் தன் குழந்தைகளோடு உறைந்த ஆற்றை நடந்து கடந்து சின்சினாட்டிக்கு வந்தாள். பிடிபடும் தறுவாயில், குழந்தைகளை மறுபடியும் அடிமைகளாக்க விடமாட்டேன் என்று தன் மகளைத் தானே கொன்றாள். அதே ஆற்றில், லூயிவில்லின் துறையிலிருந்து மனிதர்களைப் படகேற்றித் தெற்கே பருத்தித் தோட்டங்களுக்கு விற்றார்கள். இதனால் சின்சினாட்டிதான் அறத்தில் உயர்ந்தது என்று சொல்லிவிட முடியாது. 1829-இல் அங்கே நடந்த கலவரத்துக்குப் பிறகு கறுப்பின மக்களில் பெரும்பகுதியினர் வெளியேற, அவர்களில் ஒரு பகுதியினர் கனடா வரை போனதையும், தென்கரையோடு செய்த வணிகத்தில் அந்த ஊர் செழித்ததையும் மறக்கக் கூடாது. ஆனால் தன்னை ஒரு வாசற்படியாகப் பார்க்கும் நினைவு சின்சினாட்டிக்கு உண்டு. ஆற்றங்கரையில் 2004-இல் திறந்த, அடிமை முறையிலிருந்து தப்பியவர்களின் வரலாற்றைச் சொல்லும் சுதந்திர மையம் அந்த நினைவின் கட்டடம். லூயிவில்லுக்கு அந்த ஆறுதல் இல்லை. 1942-இல் இங்கே பிறந்த கறுப்பினக் குத்துச்சண்டை வீரர் முகமது அலியின் பெயரை விமான நிலையத்துக்குச் சூட்ட 2019 வரை ஆயிற்று. ஒன்பதாம் தெருவுக்கு மேற்கே பெரும்பாலும் கறுப்பினத்தவர் வாழும் ஒரு நகரம், கிழக்கே இன்னொரு நகரம் என்ற பிளவு இன்னும் இருக்கிறது.

அந்தப் பிளவை 1937 வெள்ளமும் ஆழமாக்கியது. அந்த ஜனவரியில் சின்சினாட்டியில் ஆறு 80 அடியைத் தொட்டது என்றாலும், மேடுகள் ஊரின் பெரும்பகுதியைக் காப்பாற்றின. தட்டையான லூயிவில்லில் பாதிக்கும் மேற்பட்ட நகரம் நீரில் மூழ்கியது. வசதி உள்ளவர்கள் உயரமான கிழக்குப் பகுதிக்கு நகர்ந்தார்கள். மற்றவர்கள் மேற்கிலேயே தங்கினார்கள்.

திருவிழாக்களைப் பார்த்தாலும் இந்தக் குணம் தெரியும். உங்கள் ஊரில் பேஸ்பால் பருவம் தொடங்கும் நாளில் ஃபிண்ட்லே சந்தையிலிருந்து ஊர்வலம் புறப்படும். பிள்ளைகள் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு வருவார்கள். அது முழுக்க உள்ளூர்க்காரர்கள் தங்களுக்காகவே கொண்டாடும் நாள். இங்கே மே மாத முதல் சனிக்கிழமை நடக்கும் கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயம் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் அந்த இரண்டு நிமிடத்துக்காக நாடெங்கிலுமிருந்து வருகிறவர்களை வரவேற்க ஊர் பல வாரங்கள் தன்னை அலங்கரித்துக்கொள்கிறது. 1875-இல் நடந்த முதல் பந்தயத்தில் குதிரையோட்டிகள் 15 பேரில் 13 பேர் கறுப்பினத்தவர்கள், வென்ற ஆலிவர் லூயிஸ் உட்பட. பிறகு அவர்கள் அந்தத் தொழிலிலிருந்தே ஒதுக்கப்பட்டார்கள். பந்தயத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எனக்கு எது பிடித்திருக்கிறது என்று கேட்பாய். கட்டடங்களில் சின்சினாட்டிக்கு இணை இல்லை. யூனியன் டெர்மினல் இரயில் நிலையத்தின் அரைவட்ட மாடத்தின் கீழ் நிற்கும் நிறைவு இங்கே எங்கும் கிடைக்கவில்லை. மனிதர்களில் இந்த ஊர் எனக்கு எளிதாக இருக்கிறது. அங்கே அக்கம்பக்கத்தார் வீட்டுக்குள் அழைக்க ஆண்டுகள் ஆயின. அழைத்த பிறகு கடைசிவரை விட்டதில்லை, அந்த நட்பு இன்றும் தொலைபேசியில் தொடர்கிறது. இங்கே குடிவந்த வாரமே எதிர்வீட்டு அம்மாள் பழக் கேக் கொண்டுவந்து கொடுத்தார். ஆனால் அவருடைய மனத்துக்குள் என்ன இருக்கிறது என்பது எனக்கு இன்னும் தெரியாது. இரண்டில் எது மேல் என்று நான் சொல்ல மாட்டேன். பேத்தி வளர்வதற்கு இந்த ஊரின் முகமலர்ச்சியும், எனக்கு முதுமையில் சாய்ந்துகொள்ள அந்த ஊரின் உறுதியும் வேண்டும் என்று மட்டும் தோன்றுகிறது.

அண்ணாவின் கண் நன்றாகத் தேறியதும் இருவரும் ஒருமுறை வந்து போங்கள். டெர்பி நெருக்கடியில் வேண்டாம். ஆகஸ்டுக்கும் அக்டோபருக்கும் இடையில் வாருங்கள். அப்போது ஆற்றில் நீர் தாழ்ந்து, எதிரே இண்டியானா கரையில் 39 கோடி ஆண்டுப் பழைமையான பவளப் படிவங்கள் வெளியே தெரியும். புவியியல் கற்பித்த அண்ணாவுக்கு அதைவிட நல்ல இடம் எதைக் காட்டுவது? பிக் ஃபோர் பாலத்தில் இண்டியானாவுக்கு நடந்தே போய் வரலாம். வரும் தேதியை எழுது. மாடி அறையைத் தயார் செய்து வைக்கிறேன்.

அன்புடன்,
வசந்தா