வைசியாள் வீதி நடை: ஞாயிறு காலை 6.30

உறுப்பினர்களுக்கு வணக்கம். இந்த ஞாயிறு புதுச்சேரியின் தமிழர் பகுதியில், வைசியாள் வீதியில் நடக்கிறோம். அரசும் வீட்டுக்காரர்களும் கைகோத்தால் பழைய ஊரை மீட்கலாம் என்று காட்டிய தெரு இது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்ட நிதி, பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பின் நிபுணர்கள், கூடவே உரிமையாளர்கள் போட்ட பங்குப்பணம். 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதும் கிடைத்தது.

வீடுகளின் முன்னால் சற்று நின்று பாருங்கள். கீழே திண்ணை, மரத்தூண், ஓடு வேய்ந்த தாழ்வாரம். அண்ணாந்து பார்த்தால் மாடியில் பிரெஞ்சு பாணியில் வளைவு சன்னல், சுண்ணாம்புப் பூச்சில் பூவேலை. எவ்வளவு அழகு!

ஆனால் முகப்பை மட்டும் புதுப்பித்தால் போதாது என்பது என் உறுதியான எண்ணம். உள்ளே குடும்பங்கள் தொடர்ந்து வாழ வேண்டும். எல்லா வீடும் விடுதியாகிவிட்டால் திண்ணையில் உட்கார யார் இருப்பார்கள்? அதனால் பழைய வீட்டில் குடியிருக்கும் உறுப்பினர்கள் அவசியம் வாருங்கள். ஓடு மாற்றவும் சுண்ணாம்பு பூசவும் ஆகும் செலவு, கொத்தனார் கிடைக்காத சிரமம், எல்லாவற்றையும் பேசுவோம்.

அப்புறம், வருபவர்கள் சனிக்கிழமை இரவுக்குள் இங்கேயே பெயர் போட்டுவிடுங்கள்.