கசியாத கருப்பட்டி

அன்பு மகனுக்கு, அப்பா எழுதுதேன்.

இங்க எல்லாரும் சொகம். அம்மாவுக்கு முட்டுவலி முன்னைக்குக் கொறவு. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. மூணு வாரமா உன் கொரல் கேக்கலைன்னு அம்மா சொல்லிக்கிட்டே இருக்கா. சோலியா இருப்பான்னு சொல்லி வச்சிருக்கேன்.

கோயில் கொடைக்கு மூலைவீட்டுப் பையன் வந்திருந்தான். உங்க கம்பெனியில ஆளுகளைக் கொறைக்காங்கன்னு யார்கிட்டயோ பேசிக்கிட்டிருந்தான். நான் கிட்டப்போய் ஒண்ணும் கேட்டுக்கலை.

இந்த வருஷம் பனையில பதனி நல்லா ஊறுது. ஆனா நம்ம 40 பனையில 25-லதான் கலயம் தொங்குது. ஏற ஆள் இல்லை. பெரியப்பா 62 வயசுல காலையும் சாயங்காலமும் ஏறிப் பாளை சீவுதாரு. 10 லிட்டர் பதனி காய்ச்சினா கருப்பட்டி ஒரு கிலோவுக்கு மேல கொஞ்சம்தான் தேறும். விறகு, பெரியப்பா பங்கு போக நமக்கு நிக்கிறது கம்மி. ஆனா 2023-ல உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கெடைச்ச பெறவு வெளியூர்க்காரங்க தேடிக் கேக்காங்க. திருச்செந்தூர் வர்ற ஜனம் சுக்கு போட்ட சில்லுக்கருப்பட்டின்னா விடாம வாங்குது. ஓலைப்பெட்டி முடைய அத்தை இருக்கா. போன்ல ஆர்டர் பிடிச்சு, பார்சல் போட்டு, கணக்கு வைக்க வீட்டுல படிச்ச ஆள் இல்லை. உன்னை வரச் சொல்லலை. உள்ளதைச் சொன்னேன்.

வாடகைக்குப் பணம் எடுத்து வச்சிருக்கியா? வேளாவேளைக்குச் சாப்பிடு. இந்தத் தெருவுல இன்ஜினியர்னா உன் பேரைத்தான் மொதல்ல சொல்லுவாங்க. கேக்கும்போது எனக்கு நெஞ்சு நெறையும். அதுக்காக அப்பன் ஆத்தாகிட்ட ஒரு வார்த்தை பேசக்கூடாதா?

நீ ரெண்டாவது வருஷம் படிக்கையில ஃபீஸ் கட்ட வழியில்லை. அம்மாவை ஆச்சி வீட்டுக்கு அனுப்பிட்டு, 6 மூட்டை சீனி வாங்கிப் பாகுல கலந்து கருப்பட்டி ஊத்தினேன். மழை மாசத்துல பரண்ல இருந்த நல்ல கருப்பட்டியெல்லாம் கசிஞ்சு பெட்டி கறுத்துப் போச்சு. நான் ஊத்தினது மட்டும் கல்லு மாதிரி நின்னுது. அம்மா ஒண்ணை எடுத்துத் தட்டிப் பாத்தா, என் மூஞ்சியைப் பாத்தா, ஒண்ணும் கேக்கலை. 30 வருஷமா நம்மகிட்ட எடுத்த ஏரல் வியாபாரி அதோட வரலை. கேட்டிருந்தா பெரியப்பா பனையை அடமானம் வச்சாவது குடுத்திருப்பாரு. கையில காசில்லைன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு வாயைத் தொறக்கலை மக்கா. இன்னைக்கு வரைக்கும் அவர்கிட்ட சொல்லலை.

உங்க ஆபீஸ் நம்பருக்கு அடிச்சுக் கேளுங்கன்னு அம்மா சொல்லுதா. நான் அடிக்கலை.

2 கிலோ பார்சல் போட்டிருக்கேன், பழைய விலாசத்துக்குத்தான். வேற இடம் மாறியிருந்தா சொல்லு. இந்த வருஷத்துக் கருப்பட்டி, கசியும். டப்பாவுல போட்டு இறுக்கி மூடி வை.

அப்பா