பாய்க்கோரையை உறைக்குள் வையுங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், குழாயடியில், எந்நேரமும் ஈரமாகக் கிடக்கும் இடத்துக்கு என்ன செடி வைக்கலாம் என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். பாய்க்கோரை என்றதும், "ஐயோ, கோரையா? அதைப் பிடுங்கத்தானே ஆள் வைக்கிறோம்!" என்கிறீர்கள். நியாயமான பயம்தான். ஆனால் நீங்கள் பயப்படுவது வேறு கோரை.

தோட்டத்தில் தொல்லை கொடுப்பது கோரைக்கிழங்கு. இழுத்தால் மேலே உள்ள புல் மட்டும் கையோடு வரும். நூல் போன்ற வேரில் கோத்த கிழங்குகள் மண்ணுக்குள்ளேயே தங்கி மறுபடி முளைக்கும். நாங்கள் தருவது பத்தமடையில் பாய் முடைகிற கோரை. தாவரவியலில் சைப்பரஸ் பாங்கோரி. நம் ஊர்ச் சொல்லே அந்தப் பெயருக்குள் இருக்கிறது. இதில் இலை பெயருக்குத்தான். அடியில் தண்டைச் சுற்றிய தோல் போல ஒடுங்கிவிடும். பச்சைத் தண்டுகள் மட்டும் இடுப்பு உயரத்துக்கு நேராக நிற்கும். ஒரு தண்டை விரலிடுக்கில் உருட்டிப் பாருங்கள், மூன்று பட்டை தட்டுப்படும்.

சரி, இது பரவாதா? பரவும். முதலில் நாங்களும் தரையிலேயே நடச் சொல்லிக் கொடுத்தோம். ஒரு வீட்டில் இரண்டு மழைக்காலத்துக்குள் நடைபாதைக் கல்லிடுக்கு வரை வந்துவிட்டது. தப்பு எங்களுடையது, நாங்களே போய்த் தோண்டி எடுத்தோம். அப்புறம் உறை, அதாவது கிணற்றுக்கு இறக்குவது போன்ற சிமெண்ட் வளையம், இல்லாமல் யாருக்கும் நடச் சொல்வதில்லை.

இரண்டரை அடி அகலச் சிமெண்ட் உறை ஒன்றை ஒன்றரை அடி ஆழத்துக்கு இறக்குங்கள். விளிம்பு நாலு விரல் மேலே தெரியட்டும். களிப்பான மண்ணோடு மக்கிய சாணம் கலந்து நிரப்பி, ஐந்தாறு தூர் வையுங்கள். அரை நாளாவது வெயில் வேண்டும். அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரே போதும். சலவைத்தூள் தண்ணீரை விடாதீர்கள். மண் ஈரமாக இருந்தால் சரி, தண்ணீர் தேங்கவிட்டால் கொசு வரும்.

வேலை என்று பார்த்தால் வருஷத்துக்கு ஒருமுறைதான். மழைக்கு முன் நாலு விரல் விட்டு அரிவாளால் மொத்தமாக அறுத்துவிடுங்கள்; புதுத்தண்டு ஒரே சீராக எழும்பும். பூங்கொத்தை விதை முற்றுமுன் கிள்ளிவிடுங்கள். அறுத்த தண்டை நகத்தால் இரண்டாகக் கிழித்தால், பந்தலில் அவரைக்கொடி கட்ட நல்ல நார்.

தூர் பிரித்துப் பைகளில் வைத்திருக்கிறோம். வரும்போது இடத்தின் அளவையும், வெயில் எந்நேரம் படுகிறது என்பதையும் பார்த்துவந்து சொல்லுங்கள். அதற்குத் தக்கபடி எடுத்துத் தருகிறோம்.

அன்புடன்,
உங்கள் நர்சரிக்காரர்கள்