முதியோர் தத்துவ வகுப்பில் கேள்விக்கு இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் வாசகர் கடிதப் பகுதியில் ஓர் அன்பர், முதியோருக்காக நடக்கும் சமய, தத்துவ வகுப்புகளைப் பற்றி எழுதியிருந்தார். இந்த வயதில் மனிதருக்கு வேண்டியது மன அமைதி; அதற்கு ஒரு நல்ல சொற்பொழிவு போதும்; மேசையைச் சுற்றி உட்கார்ந்து விதண்டாவாதம் செய்வது உடம்புக்கும் ஆகாது, பக்திக்கும் ஆகாது என்பது அவர் கருத்து. அவர் எழுத்தில் அக்கறை தெரிந்தது. ஆனாலும் அப்படிப்பட்ட ஒரு மேசையின் முன் இரண்டு ஆண்டுகளாக உட்கார்ந்திருப்பவள் என்ற முறையில் நான் பதில் சொல்லியாக வேண்டும்.

எனக்கு 72 வயது. 34 ஆண்டுகள் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக வேலை பார்த்தேன். யார் யாரோ கேட்ட கேள்விகளையும் யார் யாரோ சொன்ன பதில்களையும் ஒரு சொல் விடாமல் எழுதினேன். அத்தனை ஆண்டுகளிலும் அந்த அறையில் நானாக ஒரு கேள்வி கேட்டதில்லை; கேட்கும் இடத்தில் நான் இல்லை. வீட்டிலும் ஏறக்குறைய அப்படித்தான். கணவர் மறைந்த பிறகுதான் இந்த வகுப்பைப் பற்றிக் கேள்விப்பட்டுச் சேர்ந்தேன். வியாழக்கிழமை காலை பத்தரை மணி முதல் பன்னிரண்டு வரை நடக்கிறது. நாங்கள் 19 பேர். இளையவருக்கு 61, மூத்தவருக்கு 86. பாடம் நடத்தும் பெண்ணுக்கு எங்கள் பிள்ளைகளைவிட வயது குறைவு. அவர் எங்களை அம்மா, ஐயா என்கிறார். நாங்கள் அவரை டீச்சர் என்கிறோம். தேர்வு இல்லை, சான்றிதழ் இல்லை. வாரம் ஒரு நூலிலிருந்து நான்கைந்து பக்கம், பெரிய எழுத்தில் அச்சிட்டுத் தருவார். படித்துவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு.

அன்பர் பயன்படுத்திய ‘விதண்டாவாதம்’ என்ற சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். கௌதம முனிவரின் நியாய சூத்திரம் என்ற பழைய தர்க்க நூல் விவாதத்தை மூன்றாகப் பிரிக்கிறது. உண்மையை அறிவதற்காக இருவர் பேசுவது வாதம். எப்படியாவது வெல்ல வேண்டும் என்று பேசுவது ஜல்பம். தனக்கென்று ஒரு நிலைப்பாடும் வைக்காமல் எதிரில் இருப்பவர் சொல்வதை உடைப்பது மட்டுமே விதண்டை. இதை டீச்சர் விளக்கிய அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. நீதிமன்றத்தில் இந்த மூன்றையும் நான் என் கையால் எழுதியிருக்கிறேன், பெயர்தான் தெரியாமல் இருந்தது. எங்கள் வகுப்பில் நடப்பது முதல் வகை. எப்போதாவது இரண்டாவதாகத் திரும்பும். திரும்பும்போது யாராவது ஒருவர், “ஐயா, இது ஜல்பம்” என்பார், பேசியவர் நிறுத்திக்கொள்வார். அந்தச் சொற்களைக் கற்றதால் வந்த ஒழுங்கு இது.

கேள்வி கேட்டால் பக்தி குறையுமா? எங்களில் ஒருவர் 80 வயதைக் கடந்தவர், ஆழ்ந்த சைவர். உலகாயதம் பாடமாக வந்தபோது, கடவுளும் மறுபிறவியும் இல்லை என்பவர்களின் கருத்தை இந்த வயதில் நான் ஏன் கேட்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டார். மூன்று வாரம் வரவில்லை. டீச்சர் அவரைச் சமாதானப்படுத்த முயலவில்லை. சிவஞான சித்தியாரின் பரபக்கத்திலிருந்து சில பக்கங்களைப் படியெடுத்து அனுப்பினார். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் எழுதிய சைவ சித்தாந்த நூல் அது. தம் கொள்கையைச் சொல்லும் சுபக்கத்துக்கு முன்னால் பிறர் கொள்கைகளுக்கென்று பரபக்கம் என ஒரு பகுதியையே அவர் ஒதுக்கியிருக்கிறார். அதில் முதலில் வைத்திருப்பதே உலகாயதத்தைத்தான். அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதை முழுதாகச் சொல்லிவிட்டு அதன்பிறகே மறுக்கிறார். நான்காவது வாரம் அந்தப் பெரியவர் வந்தார். “எதிரியின் பேச்சை என் ஆசாரியரே கேட்டிருக்கிறார், நான் கேட்க மாட்டேன் என்றால் எப்படி?” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். இன்று வகுப்பில் மிகக் கூர்மையான கேள்விகள் அவருடையவை. அவர் நம்பிக்கை ஓர் இம்மியும் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

மணிமேகலையின் 27ஆவது காதையை எடுத்துக்கொண்டு ஒரு மாதம் படித்தோம். மணிமேகலை வேற்றுருவில் வஞ்சி நகரத்தில் ஒவ்வொரு சமயவாதியாகச் சந்தித்து, உங்கள் கொள்கை என்ன என்று கேட்டுக்கொண்டே போகிறாள். அளவை வாதி முதலில் வருகிறார். காண்டல், கருதல், உவமம் என்று அறிவு நமக்கு எந்த எந்த வழியில் வருகிறது என்பதை வகுத்துச் சொல்கிறார். கடைசியில் பூதவாதி, கண்ணால் காண்பது தவிர வேறு சான்று இல்லை என்கிறார். அப்படியானால் உன் தாய் தந்தையரை நீ எப்படி அறிந்தாய், அதுவும் அனுமானம்தானே என்று மணிமேகலை கேட்கிறாள். நேரடிச் சாட்சியம், சூழ்நிலைச் சாட்சியம் என்ற இரண்டையும் வைத்து வழக்கறிஞர்கள் மணிக்கணக்கில் வாதாடியதை எழுதியவள் நான். அதே கேள்வியை ஒரு பெண் நம் காப்பியத்தில் கேட்டிருக்கிறாள் என்பதை 71ஆம் வயதில்தான் அறிந்தேன். பள்ளியில் இந்தக் காப்பியத்தின் கதைச் சுருக்கத்தைத்தான் படித்தோம். இந்தக் காதையை எங்களுக்கு யாரும் காட்டவில்லை. அதைப் பற்றி எனக்கு இன்னமும் வருத்தம் உண்டு.

மன அமைதி பற்றியும் அன்பருக்கு ஒன்று சொல்ல வேண்டும். விவிலியத்தில் யோபுவின் கதையைப் படித்த வாரம் அது. பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்து, உடம்பெல்லாம் புண்ணாகி உட்கார்ந்திருக்கும் யோபுவிடம் மூன்று நண்பர்கள் வருகிறார்கள். ஏழு பகல், ஏழு இரவு ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பிறகு யோபு வாய் திறந்து புலம்ப, அவர்கள் காரணம் சொல்ல ஆரம்பிக்கிறார்கள்: நீ ஏதோ தவறு செய்திருப்பாய், அதனால்தான் இது. எங்கள் வகுப்பில் அதிகம் பேசாத ஒருவர் அன்று பேசினார். அவர் வேறு சமயத்தவர், அந்த நூலை அதற்கு முன் பார்த்ததில்லை. “என் மகன் இறந்தபோது வந்தவர்கள் எல்லோரும் ஒரு காரணம் சொன்னார்கள். விதி என்றார்கள், கர்மம் என்றார்கள், ஆண்டவன் சோதனை என்றார்கள். இந்த மூவர் ஏழு நாள் சரியாக நடந்துகொண்டார்கள். எட்டாவது நாள் கெடுத்துவிட்டார்கள்” என்றார். நெடுநேரம் யாரும் பேசவில்லை. பிறகு டீச்சர் அந்த நூலின் முடிவைப் படித்தார். அங்கே கடவுள் கோபித்துக்கொள்வது புலம்பிக் கேள்வி கேட்ட யோபுவை அல்ல, காரணம் சொன்ன நண்பர்களைத்தான். யோபுவே சரியாகப் பேசினான் என்கிறார். அந்த மனிதர் அந்தப் பக்கத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மகன் போய்ப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றனவாம். அமைதி என்று அன்பர் சொல்வது இதுவாக இருக்குமானால், அது அவருக்குக் கிடைத்தது ஒரு விவாதத்தின் நடுவில்.

முதியோர் கல்வி புதிய கற்பனை அல்ல. பிரான்சின் துலூஸ் நகரில் பியர் வெல்லா 1973இல் ‘மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம்’ தொடங்கினார். பின்னர் பிரிட்டனில் அந்த முயற்சி, முதியோர் தமக்குத் தெரிந்ததைத் தாமே ஒருவருக்கொருவர் கற்பிக்கும் குழுக்களாக வளர்ந்தது. 1991இல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட முதியோருக்கான கோட்பாடுகளில், சமூகத்தின் கல்வி, பண்பாடு, ஆன்மிகம், பொழுதுபோக்கு ஆகியவற்றுக்கான வாய்ப்புகள் முதியோருக்குக் கிடைக்க வேண்டும் என்று இருக்கிறது. அங்கே கல்வியும் ஆன்மிகமும் தனித்தனியாகச் சொல்லப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதற்கு ஈடு செய்துவிட முடியாது.

இதை நான் இத்தனை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்களுக்கு இடம் தரும் அமைப்பினர் அடுத்த மாதத்திலிருந்து இந்த வகுப்பைச் சொற்பொழிவாக மாற்றலாம் என்று யோசிக்கிறார்கள். 19 பேருக்குப் பதில் 200 பேர் வருவார்கள் என்கிறார்கள். வரட்டும், சொற்பொழிவை நானும் விரும்பிக் கேட்பவள்தான். அதை வேறொரு நாளில் வைக்கலாமே. 200 பேர் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் அந்த மனிதர் தம் மகனைப் பற்றிப் பேசியிருப்பாரா?

வரும் வியாழக்கிழமை பாடத்தைத் தொடங்கி வைப்பது என் முறை. பிளேட்டோவின் குடியரசின் முதல் பகுதியை எடுத்திருக்கிறேன். கெஃபலஸ் என்ற முதியவரிடம் சாக்ரடீஸ், நாங்களும் போக வேண்டிய பாதையில் நீங்கள் முன்னால் போயிருக்கிறீர்கள், பாதை கரடுமுரடா, சுகமா என்று விசாரிக்கிறார். இளமையில் கேட்டுச் சிரித்த மறுவுலகக் கதைகள் சாவு நெருங்கும்போது உண்மையாக இருந்துவிடுமோ என்று மனிதனை வாட்டுகின்றன என்கிறார் முதியவர். பிறகு நீதி என்றால் என்ன என்ற பேச்சு வருகிறது. விவாதம் சூடு பிடிக்கும் நேரத்தில் அவர் அதை மகனிடம் விட்டுவிட்டு வேள்வியைக் கவனிக்க எழுந்து போய்விடுகிறார். நூல் முழுக்க அதற்குப் பிறகு அவர் வரவே இல்லை. அந்த அச்சம் அவருக்குத் தீர்ந்ததா என்று நமக்குத் தெரியாது. அவரை அங்கேயே உட்கார வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் நான் வைக்கப்போகும் கேள்வி.

கடிதம் எழுதிய அன்பரும் அன்று வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எதிர்த் தரப்பை முதலில் சொல்ல விடுவது எங்கள் வழக்கம். டீச்சரிடம் கேட்டுவிட்டேன், முதல் பதினைந்து நிமிடம் அவருக்கு. பக்கங்களை 20 படி எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்றச் சுருக்கெழுத்தர் ஒருவர்