அரை கிலோ கணக்கு

தக்கலை

அன்பு மக்களே,

நீ ஆஸ்திரேலியாவிலிருந்து அனுப்பின குதிரை ரேஸ் புரோகிராமைக் கடையில் பிரின்ட் போட்டு வாங்கி, சிவப்பு மையால் கோடு கிழித்துப் படித்தேன். போனில் நீ பாதியைச் சொல்லிவிட்டு டியூட்டிக்கு ஓடிவிடுகிறாய். மீதி எனக்குள் கிடந்து குடைகிறது. அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், லீவு நாளில் படி.

அப்பாவின் கோபம் இன்னும் முழுசாக இறங்கவில்லை. ஆஸ்பத்திரித் தோழிகளோடு சேர்ந்து குதிரையில் இருபதில் ஒரு பங்கு வாங்கியிருக்கிறாய் என்றதும், “சூதாட்டத்துக்கா இவளை நர்ஸிங் படிக்க வைத்தேன்” என்று ஆரம்பித்தவர்தான். அவரையும் குறை சொல்ல முடியாது. குதிரைப் பந்தயம் என்றாலே நம் ஊரில் வீடு விற்ற கதைதான் சொல்வார்கள். 1974-இல் தமிழ்நாட்டில் அதை ஒழிக்கச் சட்டமே போட்டார்கள். பிறகு 1996-இல் உச்ச நீதிமன்றம், இது வெறும் அதிர்ஷ்டம் அல்ல, திறமை சார்ந்த ஆட்டம் என்று தீர்ப்புச் சொன்னது. இதை அப்பாவுக்கு எடுத்துச் சொன்னேன். “திறமை குதிரைக்கு, செலவு என் மகளுக்கா?” என்றார். அந்த வழக்கு எங்களுக்குள் நடக்கட்டும். உன் விஷயத்துக்கு வருகிறேன்.

“ஜெயித்ததற்குத் தண்டனையா அம்மா?” என்று கேட்டாய். ஜெயித்த பிறகு ரேட்டிங், அதாவது குதிரையின் திறமைக்குப் போடும் புள்ளி, ஏறியது, அதனால் அது சுமக்க வேண்டிய எடையும் ஏறியது, அப்புறம் குதிரை முதல் மூன்றுக்குள்கூட வரவில்லை. எந்தக் குதிரைக்கு எவ்வளவு என்று எடை போடுகிறவர் மேல் உனக்குக் கோபம். எனக்கு அவர் மேல் அவ்வளவு கோபம் இல்லை, கேட்டியா. கணக்குப் பார்த்தால் அவர் செய்வது நியாயம்தான். உங்கள் ஊரிலும் சரி, இந்தியாவிலும் சரி, ரேட்டிங்கில் ஒரு புள்ளிக்கு அரை கிலோ. 64 புள்ளிக் குதிரைக்கும் 58 புள்ளிக் குதிரைக்கும் நடுவே மூன்று கிலோ. ஜாக்கியின் எடை போதாவிட்டால் சேணத்தில் ஈயம் வைத்து நிரப்புகிறார்கள். வயதுக்கு இவ்வளவு எடை என்று 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் அட்டவணை வகுத்தவர் ஹென்றி ரூஸ் என்ற கடற்படை அட்மிரல். கப்பல்காரருக்குப் பளு ஏற்றும் கணக்கு தெரியாதா என்ன!

பெரிய குதிரைகளும் இதற்குத் தப்பவில்லை. 1861 முதல் நடக்கும் மெல்போர்ன் கோப்பையே ஹேண்டிகேப் பந்தயம்தானே, அதாவது திறமைக்குத் தக்கபடி எடை ஏற்றி ஓட்டுவது. 1890-இல் கார்பைன் என்ற குதிரை ஏறக்குறைய 66 கிலோ சுமந்து, 39 குதிரைகள் ஓடிய கூட்டத்தில் ஜெயித்தது. ஃபார் லேப் 1930-இல் 62.5 கிலோவோடு ஜெயித்தது. அடுத்த வருஷம் 68 கிலோ ஏற்றினார்கள், எட்டாவதாக வந்தது. இந்த எடை மட்டும் இல்லையென்றால் பல லட்சம் டாலர் கொடுத்து வாங்கிய குதிரையோடு உன் குதிரை ஒரே கோட்டில் நிற்கவே முடியாது. சின்ன முதலாளிக்குக் கிடைத்த ஒரே சலுகை அதுதான். அதை நீயே திட்டினால் எப்படி?

என் கோபம் எல்லாம் புரோகிராம் மேல்தான். எந்த ஊரில், எந்தத் தேதியில், எவ்வளவு தூரம், எந்த ரேட்டிங்குக்குப் பந்தயம் வைப்பது என்று முன்கூட்டியே எழுதி வைக்கிறார்களே, அந்தத் தாள். மெய்டன் பந்தயங்கள் நிறைய இருக்கின்றன. அதாவது, ஒருதடவையும் ஜெயிக்காத குதிரைகளுக்கு. ஜெயித்த பிறகு எங்கே போவது? உன் குதிரைக்கு 1600 மீட்டர்தான் சரி என்று டிரெய்னர் சொல்கிறார். நீ அனுப்பின தாளில் சுற்றுவட்டாரத்தில் இருப்பது எல்லாம் 1000, 1200. ஒரேயொரு 1600-க்கும் ஆள் சேரவில்லை என்று அதைத் தூக்கி வேறு பந்தயத்தோடு சேர்த்துவிட்டார்கள். நான் சிவப்புக் கோடு போட்டது அங்கேதான்.

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள். சேர்த்துவிட்ட பந்தயத்தில் மேலே நிற்கிற குதிரைக்கு ரேட்டிங் 72, எடை 62 கிலோ. உன் குதிரைக்கு 54. பதினெட்டுப் புள்ளி வித்தியாசம், அதாவது ஒன்பது கிலோ. நியாயப்படி உன் குதிரை 53 கிலோதான் சுமக்க வேண்டும். ஆனால் குறைந்தபட்ச எடை 55 என்று விதி இருந்தால் அதற்குக் கீழே இறக்க மாட்டார்கள். இரண்டு கிலோ, அதாவது நான்கு புள்ளி, சும்மா உன் குதிரை முதுகில். எடை போட்டவர் தவறு எதுவும் செய்யவில்லை. 72-ஐயும் 54-ஐயும் ஒரே பந்தயத்தில் நிறுத்தியது புரோகிராம். தாராளமாக ஆள் சேர்ந்துவிட்டால் இன்னொரு கஷ்டம்: இடத்துக்கு மேல் பெயர் வந்தால் கீழ் ரேட்டிங்கிலிருந்துதான் கழிப்பார்கள். எப்படிப் பார்த்தாலும் அடி சின்னவனுக்கு.

இந்தியாவில் வழக்கமாகப் பந்தயங்களை ரேட்டிங் 20 முதல் 45, 40 முதல் 65, 60 முதல் 85 என்று பிரித்திருப்பார்கள். ஓரங்களில் ஐந்து புள்ளி ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். 43-இல் இருக்கிற குதிரை, கீழே அதிக எடையோடு ஓடுவதா, மேலே லேசாக ஓடுவதா என்று முதலாளி யோசித்து முடிவு எடுக்கலாம். எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது.

பயிற்சி ஜாக்கியை ஏற்றினால் எடை குறையும் என்று நீ சொன்னது சரி. உங்கள் ஊர்க் கிராமப்புறப் பந்தயங்களில் புதுப் பையனுக்கு நான்கு கிலோ வரை தள்ளுபடி, ஜெயிக்க ஜெயிக்க அது ஒன்றரைக் கிலோவரை சுருங்கும். ஆனால் நல்ல பையனைப் பெரிய லாயத்துக்காரர்கள் முதலிலேயே பேசி வைத்துவிடுவார்கள். எங்கும் அப்படித்தான்.

புரோகிராம் எழுதுகிறவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. பரிசுப் பணம் பெரும்பாலும் வருவது பந்தயம் கட்டுகிற பணத்திலிருந்து. உங்கள் ஊரில் எட்டுக் குதிரை ஓடினால்தான் மூன்றாம் இடம் வரைக்கும் கட்டியவர்களுக்குப் பணம் திரும்பும். ஏழு என்றால் இரண்டு இடம்தான். கட்டுகிறவன் கூட்டம் குறைந்த பந்தயத்தைத் திரும்பிப் பார்க்க மாட்டான். அதனால்தான் இரண்டு மெலிந்த பந்தயங்களை ஒன்றாகச் சேர்க்கிறார்கள். அன்றைக்கு அது சரியாகத்தான் தெரியும். ஆனால் தோற்கத்தான் போகிறோம் என்று தெரிந்தவன் அடுத்த தடவை குதிரையைக் கொண்டுவர மாட்டான். அப்புறம் இன்னும் கூட்டம் குறையும், இன்னும் சேர்ப்பார்கள்.

விளாத்திகுளத்துப் பெரிய மாமாவுக்கு இது புத்தகம் படிக்காமலே தெரியும். தூத்துக்குடிப் பக்கம் மாட்டுவண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று தனித்தனியாகப் பிரித்து ஓட்டுகிறார்களே, எதற்கு? ஒரு வருஷம் விழாக் கமிட்டி செலவு கட்டுப்படியாகவில்லை என்று பூஞ்சிட்டை விட்டுவிட்டது. அந்த வருஷம் மாமா வண்டி பூட்டவில்லை. சின்ன ஜோடி வைத்திருந்த மற்றவர்களும் வரவில்லை, வேடிக்கை பார்க்க வரும் அவர்கள் வீட்டுச் சனமும் வரவில்லை. பலகாரக் கடைக்காரர்தான் முதலில் சத்தம் போட்டாராம்.

பந்தயம் நடத்துகிற உங்கள் ஊர் ரேஸ் கிளப்புக்கும் அந்தப் பயம்தானே. நல்ல தேதியைப் பெரிய ஊர்த் திடலுக்கு மாற்றப் போகிறார்கள் என்றாயே. வருஷத்தில் சில நாள்தான் கிளப்புக்கு வாசல் வசூல், பீர் வசூல், சாப்பாட்டு வசூல். வேலி, தண்ணீர், ஆம்புலன்ஸ் செலவு கூட்டம் வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான். ஊட்டியில் கோடை சீசனை நம்பித்தான் பந்தயம் ஓடியது. 2024-இல் குத்தகைத் தகராறில் 52 ஏக்கரை அரசு எடுத்துக்கொண்டது. அது வேறு காரணம். ஆனால் ஒரு திடல் கைவிட்டுப் போனால் லாடம் அடிக்கிறவரும் குதிரைக்காரரும் என்ன ஆவார்கள் என்பதில் வித்தியாசம் இல்லை.

சிட்னியில் 2015 முதல் கிராமப்புறக் குதிரைகளுக்கென்றே சனிக்கிழமை ஹைவே ஹேண்டிகேப் நடத்துகிறார்களே, கோசியஸ்கோ என்று 20 லட்சம் டாலர் பந்தயம் வேறு இருக்கிறதே என்று நீயே சொல்வாய். நல்ல ஏற்பாடுதான், அந்தக் குதிரைகளுக்கு. ஆனால் ஓடுவது சிட்னியில். உங்கள் பக்கம் வாகா வாகாவிலிருந்து 450 கிலோமீட்டர் வண்டியில் குதிரையை ஏற்றிப் போக வேண்டும். உங்கள் கிளப் வாசலில் அதனால் ஒரு டிக்கெட்கூடக் கிழியாது. குவீன்பியன் ஊர் டாக்சி ஓட்டுநர் ஒருவர் 1,250 டாலருக்கு வாங்கிய டேக்ஓவர் டார்கெட் என்ற குதிரை 2006-இல் இங்கிலாந்தில் ராயல் அஸ்காட் பந்தயத்தில் ஜெயித்த கதையையும் நீ அனுப்பியிருந்தாய். படித்து நானும் கண் கலங்கினேன். ஆனால் அந்தக் கதையைச் சொல்லி எத்தனை பேர் எத்தனை குதிரைப் பங்கை விற்றிருப்பார்கள் என்றும் யோசித்தேன்.

உன் பங்குக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். நூறு டாலர் பரிசு என்றால் டிரெய்னருக்கு 10, ஜாக்கிக்கு 5. மீதி 85-இல் உனக்கு 4 டாலர் 25 சென்ட். தீனியும் பயிற்சிக் கூலியும் குதிரை ஓடாத மாதத்திலும் உண்டு. அதனால் பந்தயம் கிடைக்காமல் நிற்கிற ஒவ்வொரு வாரமும் உனக்கு நஷ்டம். எடையால் வரும் நஷ்டம் அதற்குப் பக்கத்தில்கூட வராது. இன்னொரு பங்கு வாங்கச் சொல்கிறார்கள் என்றாய். வேண்டாம் மக்களே. வீட்டு லோன் பாதி இறங்கட்டும்.

கிளப் கூட்டத்தில் பேசப் போகிறாய் என்றால் எடையைக் குறைக்கச் சொல்லிக் கேட்காதே, சிரிப்பார்கள். 1400, 1600 மீட்டர் பந்தயம் உங்கள் வட்டாரத்தில் ஏதாவது ஒரு திடலில் மூன்று வாரத்துக்கு ஒன்றாவது இருக்கட்டும், பக்கத்துக் கிளப்புகள் தேதியைப் பங்கு போட்டுக்கொள்ளட்டும் என்று கேள். சேர்க்கத்தான் வேண்டும் என்றால் ரேட்டிங்குக்கு மேல்வரம்பு வைத்துச் சேர்க்கச் சொல். அதற்கு ஆதாரம் வேண்டும். போன சீசனில் எத்தனை பந்தயங்களைச் சேர்த்தார்கள், அவற்றில் குறைந்தபட்ச எடையில் எத்தனை குதிரைகள் நின்றன, அவை எத்தனையாவது வந்தன என்று செயலாளரிடம் வாங்கி அனுப்பு. இங்கே சாரல் விடாமல் அடிக்கிறது, வெளியே போக வழியில்லை. அட்டவணை போட்டு அடுத்த வாரமே அனுப்பிவிடுகிறேன். அப்பாவைக் கூட்டல் சரிபார்க்கச் சொல்கிறேன், மாட்டேன் என்றுதான் சொல்வார், செய்துவிடுவார்.

அம்மா