ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூர் வா

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. நாலு தடவை குடியை நிறுத்திப் பார்த்தும் முடியவில்லை, எனக்கு மன உறுதி போதாது என்று எழுதியிருக்கிறாய். நானும் என்னைப் பற்றி அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஐயப்பனுக்கு மாலை போட்டு 48 நாள் ஒரு சொட்டுத் தொடவில்லை. மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே கடை வாசலில் நின்றேன். மன உறுதி இல்லாதவனா 48 நாள் இருந்தான்? எனக்கு நிறுத்தத் தெரிந்தது, நிறுத்தியபடியே இருக்கத்தான் தெரியவில்லை.

உன்னிடம் இதுவரை சொல்லாததை இப்போது சொல்கிறேன். நான் குடித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. மறுபடி விழுந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில்தான் சொல்லவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

போன வருஷம் சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் கணக்கில் ஏறியது. கூட்டுறவுச் சங்கத்தில் அடகு இருந்த என் மனைவி (உனக்குத் தங்கச்சி முறை) நகையை மீட்க வேண்டிய பணம் அது. அதில் பாதியைக் குடித்தே கரைத்தேன். அப்புறம் வெட்கம் தாங்காமல், இனி தொடுவதில்லை என்று நானாகவே ஒரேயடியாக நிறுத்தினேன். மறுநாள் டீ டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கியது. மூன்றாம் நாள் விடியற்காலை வலிப்பு வந்துவிட்டது. கண் விழித்தபோது தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பல வருஷமாக தினம் குடிக்கிறவன் மருத்துவர் துணையில்லாமல் சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். வலிப்பு வரும், புத்தி தடுமாறும், இல்லாத உருவமெல்லாம் கண்ணுக்குத் தெரியும். நடுக்கம் அடங்க மாத்திரையும் வைட்டமின் பி1 ஊசியும் போட்டுக் காப்பாற்றினார்கள். அதனால்தான் சொல்கிறேன், இந்தக் கடிதத்தைப் படித்த வேகத்தில் பாட்டிலை உடைத்துவிட்டு உட்காராதே.

வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் ஒரு சீட்டில் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் அமைப்பு) கூட்டம் நடக்கும் இடத்தையும் நேரத்தையும் எழுதிக் கொடுத்தார். மூன்று வாரம் அது சட்டைப் பையிலேயே கிடந்து நைந்தது. எங்கள் ஊர் பாபநாசத்தில் தெரியாத முகம் ஏது? தஞ்சாவூர் என்றால் யாருக்கும் என்னைத் தெரியாது என்று தைரியம் சொல்லிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். உள்ளே கால் வைத்ததும் எதிர் பெஞ்சில் நம்ம பக்கத்தில் நான் தினம் பார்க்கிற முகம்! அவரும் என்னைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை, பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். ஊரார் கண்ணுக்குப் பயந்துதான் அவரும் அவ்வளவு தூரம் வந்துகொண்டிருந்தார். அவர் யார் என்று உனக்குக்கூடச் சொல்ல மாட்டேன். அங்கே கேட்டது அங்கேயே இருக்க வேண்டும் என்பதை எல்லோரும் காப்பாற்றுகிறார்கள்.

கட்டணம் கிடையாது. குடியை விட வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும், வேறு தகுதி கேட்பதில்லை. ஒவ்வொருவராகத் தன் பேரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பித்துத் தன் கதையைச் சொல்கிறார்கள். யாரும் குறுக்கே பேசுவதில்லை, புத்தி சொல்வதில்லை. என் முறை வந்தபோது பேரை மட்டும் சொல்லிவிட்டு அழுதேன். அதுவும் சரிதான் என்று விட்டுவிட்டார்கள்.

நீ கருப்புச்சட்டைக்காரன். குடியிலிருந்து மீள அவர்கள் பின்பற்றும் பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் வருகிறது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அவரவர் புரிந்துகொண்டபடி என்றும் அதிலேயே இருக்கிறது. எங்களோடு வரும் ஒருவர் உன்னைப் போலத்தான். படிகளில் வரும் 'தன்னைவிடப் பெரிய சக்தி' என்றால் எனக்கு இந்தக் கூட்டம்தான் என்கிறார். ஒன்பது வருஷமாகக் குடிக்கவில்லை.

இது தொடங்கிய விதம் உனக்குப் பிடிக்கும். 1935இல் அமெரிக்காவில் பில் என்ற பங்குத் தரகர், குடியை விட்டுச் சில மாதமே ஆன நிலையில், வியாபார வேலையாக ஆக்ரன் என்ற ஊருக்குப் போனார். போன காரியம் கெட்டுவிட்டது. தங்கியிருந்த ஓட்டலில் மது விற்கும் இடம் கண்ணெதிரே இருந்தது. அதற்குள் போகாமல், இந்த ஊரில் என்னைப் போலக் குடியில் மாட்டியவர் யாராவது இருக்கிறாரா என்று போன் போட்டு விசாரித்தார். பாப் என்ற அறுவை மருத்துவர் கிடைத்தார். இரண்டு பேரும் மணிக்கணக்காகப் பேசினார்கள். பில் பேசப் போனது, தான் மறுபடி குடிக்காமலிருக்க. உனக்கு எழுத உட்கார்ந்தபோதுதான் அது எனக்கு முழுசாகப் புரிந்தது. நேற்று அறுப்புக் கூலி கொடுத்துவிட்டு மிச்சப் பணத்தோடு தனியாக வரப்பில் நின்றேன். பழைய நினைப்பு வந்தது. வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை எடுத்துக்கொண்டேன்.

ஞாயிறு மாலை நாலு மணிக்குப் புதுப் பேருந்து நிலையத்தில், மன்னார்குடி வண்டி நிற்கிற இடத்தில் இருப்பேன். முந்தின நாள் குடித்திருந்தாலும் வா. உன் மனைவியையும் அழைத்து வா, இந்த வாரம் குடும்பத்தாரும் உட்காரலாம். ராத்திரி எங்கள் வீட்டில் தங்கிவிட்டு, திங்கள் காலை மெடிக்கலில் மனநலப் பிரிவுக்கு ஓ.பி. சீட்டு போட்டுவிடுவோம். நானும் கூடவே இருப்பேன். அதற்குள் நடுக்கம் அதிகமானாலோ உளறல் வந்தாலோ காத்திருக்க வேண்டாம், 108ஐக் கூப்பிடச் சொல். ராத்திரியில் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் எனக்குப் போன் போடு, எந்த நேரமானாலும் எடுப்பேன்.

உன் தங்கச்சி வத்தக்குழம்பு வைப்பதாகச் சொல்கிறாள். நகை வீட்டுக்கு வந்துவிட்டது.

அன்புடன்,
உன் நண்பன்