சன்ரைஸுக்குப் பிறகு எந்த ரயில்? நான்கு ஜே.ஆர். நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஜே.ஆர். கிழக்கு, ஜே.ஆர். மத்திய, ஜே.ஆர். மேற்கு, ஜே.ஆர். ஷிகோகு நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். ஜப்பானின் ரயில் நிறுவனங்களான உங்கள் நால்வருக்கும் சேர்த்து ஒரே மடலை எழுதுவதற்கு மன்னிக்கவும். எனக்கு வேறு வழி தெரியவில்லை. டோக்கியோவில் இரவு 9.50க்குக் கிளம்பும் சன்ரைஸ் செட்டோ என்ற படுக்கை ரயில், 804.7 கிலோமீட்டர் ஓடி ஷிகோகு தீவின் தக்கமத்சுவில் நிற்பதற்குள் உங்கள் நால்வரின் தண்டவாளத்தையும் தொட்டுவிடுகிறது. ஒருவருக்கு மட்டும் எழுதினால், அவர் அடுத்தவரைக் கை காட்டுவார் என்று பயம்.

கேட்க வந்தது ஒன்றுதான். இந்த ரயிலுக்கு வயதாகிறது. அடுத்தது எங்கே?

இதன் 285 வரிசைப் பெட்டிகள் ஓடத் தொடங்கியது 1998 ஜூலை 10. ஏழு பெட்டி கொண்ட செட்கள் இருப்பது மொத்தம் ஐந்து, மூன்று ஜே.ஆர். மேற்குக்குச் சொந்தம், இரண்டு ஜே.ஆர். மத்தியுடையது. தினமும் இரவு செட்டோவுக்கு ஒன்று, ஒக்கயாமா வரை அதோடு சேர்ந்து ஓடும் சன்ரைஸ் இஸுமோவுக்கு ஒன்று என இரண்டு செட் மேற்கே போகின்றன, இரண்டு செட் டோக்கியோவுக்குத் திரும்புகின்றன. ஆக, கையிருப்பு ஒன்றே ஒன்று. அதுவும் பராமரிப்புக்குப் போயிருக்கும் நேரத்தில் இன்னொன்று மக்கர் செய்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

செட்டோ என்ற பெயர் 1950இலிருந்து இருக்கிறது. அப்போது ரயில் உனோ துறைமுகத்தோடு முடிந்துவிடும். ஷிகோகு போகிறவர்கள் மூட்டை முடிச்சோடு இறங்கிக் கப்பலுக்கு ஓட வேண்டும். 1972இல் செட்டோவும் இஸுமோவும் படுக்கை வசதி கொண்ட லிமிடெட் எக்ஸ்பிரஸ் ஆயின. 1988 ஏப்ரலில் செட்டோ பெரும்பாலம் திறந்ததும் ரயில் கடலைத் தாண்டி நேராகத் தக்கமத்சுவுக்கே போனது. பத்து வருடம் கழித்து, எஞ்சின் இழுத்த நீல நிறப் பெட்டிகளின் இடத்துக்கு இந்த சன்ரைஸ் வந்தது. தனி எஞ்சின் தேவையில்லாத மின்ரயில். 130 கிலோமீட்டர் வேகம். உள்ளே மர நிறச் சுவர்கள். வீடு கட்டும் மிசாவா ஹோம்ஸ் நிறுவனத்தையே உள் அலங்காரத்துக்கு அழைத்தார்கள். யார் யோசனையோ, அருமையான யோசனை.

அதற்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். அசகாஸே என்ற இரவு ரயில் 2005இல் நின்றது. ஹயபுசாவும் ஃபுஜியும் 2009இல். ஹொக்குதோசெய் 2015இல், ஹமானாசு 2016இல். தினமும் ஓடும் இரவு ரயில் என்று இன்று ஜப்பானில் சன்ரைஸ் மட்டும்தான் மிச்சம்.

ஷின்கான்சென் வேக ரயில் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். டோக்கியோவிலிருந்து ஒக்கயாமா போகும் கடைசி நொசோமி, அதாவது அந்தப் பாதையின் அதிவேக ஷின்கான்சென், எட்டரை மணியளவில் போய்விடும். சன்ரைஸ் அதற்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்துக் கிளம்பி, காலை 6.27க்கு ஒக்கயாமாவில் இருக்கும். மறுநாள் டோக்கியோவிலிருந்து கிளம்பும் முதல் நொசோமி அங்கே வரும்போது மணி ஒன்பதைத் தாண்டிவிடும். எதிர்த் திசையிலும் அப்படியே: ஒசாகாவில் நள்ளிரவு பன்னிரண்டரைக்கு மேல் ஏறிப் படுத்தால், காலை 7.08க்கு டோக்கியோ. அதே காலையில் ஷின்ஒசாகாவில் முதல் ஷின்கான்செனைப் பிடிப்பவர் எட்டு மணிக்கு மேல்தான் வந்து சேருவார். உலகத்தின் பெயர்பெற்ற வேக ரயிலைத் தூங்கிக்கொண்டே முந்துவது சாதாரண விஷயமா?

ஆளில்லை என்றும் சொல்ல முடியாது. ஒரு மாதம் முன்பு காலை சரியாக 10 மணிக்கு முன்பதிவு திறக்கிறது. அந்த நொடியில் ஸ்டேஷன் ஊழியர் பொத்தானை அழுத்துவதற்கு ‘ஜூஜி உச்சி’, அதாவது ‘பத்து மணித் தட்டு’ என்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். பெயர் வைக்கும் அளவுக்குப் போட்டி.

எனக்குப் புது ரயிலைவிடப் பெரிய கவலை, அது யாருக்கான ரயிலாக வரும் என்பதுதான். ஜே.ஆர். கிழக்கு 2027 வசந்தத்தில் ஓட்டப்போவதாக அறிவித்திருக்கும் இரவு ரயிலில் எல்லாமே தனி அறைகள். நல்லது, வரட்டும். ஆனால் சன்ரைஸில் ‘நோபினோபி’ என்று ஒன்று இருக்கிறதே! இரண்டு அடுக்காகக் கம்பளம் விரித்த தரை, தலைமாட்டில் சின்னத் தடுப்பு, ஒரு மெல்லிய போர்வை. படுக்கைக் கட்டணம் கிடையாது. உட்காரும் இருக்கைக்கான பணத்தில் கால் நீட்டிப் படுக்கலாம். நானும் ஒருமுறை அதில்தான் போனேன். மறுநாள் முதுகு வலித்தது உண்மை. பக்கத்தில் கல்லூரி மாணவர்கள், அந்தப் பக்கம் தனியாக வந்த ஒரு பாட்டி. இவர்களுக்கு அறை வாங்கும் வசதி இருக்குமா, தெரியாது. ஜே.ஆர். மேற்குக்கு இது புரியாததும் அல்ல: 117 வரிசைப் பழைய பெட்டிகளைத் திருத்தி, கால் நீட்டிப் படுக்கும் இடமும் வைத்து, 2020இல் வெஸ்ட் எக்ஸ்பிரஸ் கிங்கா என்ற ரயிலை விட்டவர்கள் நீங்கள்தானே.

ஆகவே நால்வரும் ஒரு மேசையில் உட்காருங்கள். செலவை எப்படிப் பிரிப்பது என்பது உங்கள் பாடு. புது வண்டி வரும், நோபினோபியும் இருக்கும் என்று இந்தப் பெட்டிகள் ஓய்வதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் ஒரு சின்ன வேண்டுகோள். காலை 6.27க்கு ஒக்கயாமாவில் பதினான்கு பெட்டிகளும் ஏழு ஏழாகப் பிரியும்போது, தூக்கக் கலக்கத்தோடு கலைந்த தலையும் கேமராவுமாக ஒரு கூட்டம் பிளாட்ஃபாரத்தில் இறங்கி நிற்கும். 6.31க்கு செட்டோ கிளம்பும், 6.34க்கு இஸுமோ. புது ரயிலின் வரைபடம் போடும்போது அந்த இணைப்பை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
மேல் அடுக்கு நோபினோபிப் பயணி